ஊசி போட்ட மதியம்

அத்தியாயம் 11

மாஸ்டரும் டீச்சரும் குளியலறை வாசலில் விழுந்து இன்றோடு நான்கு நாள்.

விழுந்ததைப் பற்றி அதன்பிறகு வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. டீச்சரின் இடுப்பில் கன்றிப்போன இடம் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருந்தது. மாஸ்டரின் வலது கை மட்டும் அன்றிலிருந்து அவர் பேச்சைக் கேட்பதில்லை. உட்கார்ந்தால் அதை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார், யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன பொருளைப் போல.

கீழே பேக்கரி, மேலே வீடு. முப்பது வருஷமாக அந்த அடுப்பின் முன்னால் நிற்பதால் தெருவுக்கே அவர் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்ததால் அவருடைய மனைவி, கட்டிய புருஷன் உட்பட எல்லோருக்கும் டீச்சர். ஒரே மகள், பிறந்தபோது தட்டிலிருந்து அப்போதுதான் எடுத்தது மாதிரி உப்பலாக இருந்ததால் பன்னு. இருபத்தெட்டு வயதாகி, கல்யாணமாகி, அடுத்த தெருவில் குடித்தனம் வைத்து, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போன பிறகும் பன்னுதான்.

ஐந்து வருஷத்துக்கு முன் முதுகுத்தண்டில் வந்த கட்டியை எடுத்ததிலிருந்து டீச்சருக்குக் கால்களில் உணர்ச்சி உண்டு, அசைவு இல்லை. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, அங்கிருந்து கழிப்பறைக்கு, பிறகு திரும்ப. நாளைக்குப் பத்துத் தடவையாவது மாஸ்டர்தான் தூக்குவார். காலை எட்டிலிருந்து பத்து வரை ஓர் ஆயா வருவார். மீதி நேரமெல்லாம் மாஸ்டரின் தோள்.

ஆளைத் தூக்கும் கருவி ஒன்றையும் போன மாதம் வரவழைத்துப் பார்த்தார்கள். அறைக்குப் போகும் குறுகலான நடையில் அது உள்ளே நுழைந்தது, திரும்ப இடமில்லை. "உள்ள வந்த விருந்தாளி வெளிய போகத் தெரியாம முழிக்குது, பாவம்" என்றார் டீச்சர். மூன்று பேர் சேர்ந்து அதைப் பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனார்கள்.

இந்த நான்கு நாளும் கீழே மாவு பிசைகிற இரண்டு பேர் கூப்பிட்டால் மேலே வந்து தூக்கினார்கள். நல்ல மனிதர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தூக்குவார்கள். டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

பன்னு ஏன் தூக்கவில்லை என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கண்ணாடிக் கடையில் லீவு தரமாட்டேன் என்கிறார்கள், முதுகு பிடித்திருக்கிறது என்று அவளும் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பத்து வாரம். அது அவளுக்கும், லாரியோடு வெளியூர் போயிருக்கும் அவள் கணவனுக்கும் மட்டும்தான் தெரியும். போன வருஷம் பதினோராவது வாரத்தில் கலைந்துபோனது. பன்னிரண்டு தாண்டட்டும், பிறகு சொல்லலாம் என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள். அதுவரை ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது.

அன்று காலை ஆயா வந்ததும் அப்பாவும் மகளும் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

"பன்னிரண்டுக்குள்ள வந்துடுவோம்" என்றார் மாஸ்டர்.

"வராட்டி மட்டும் நான் எங்க ஓடிடப்போறேன்" என்றார் டீச்சர்.

* * *

எலும்பு டாக்டருக்கு மகளை விட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். படத்தைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்த்தார். அது மாஸ்டருக்குப் பிடித்திருந்தது.

"கையைப் பக்கவாட்டுல தூக்குங்க சார்."

வலது தோள் காது வரைக்கும் ஏறியது. கை பாதியில் நின்றுவிட்டது.

டாக்டரே அவர் கையைப் பிடித்து மேலே கொண்டுபோனார். "இப்ப விடப்போறேன். நீங்களா மெதுவா இறக்கணும்."

விட்டார். கை இறங்கவில்லை, விழுந்தது. மேஜை விளிம்பில் மோதிய சத்தத்தில் பன்னு எழுந்தே நின்றுவிட்டாள்.

"வலிச்சுதா?"

"இல்ல" என்றார் மாஸ்டர். நெற்றி முழுக்க வேர்வை.

டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். "தோள்மூட்டைச் சுத்தி நாலு தசைநாண் இருக்கு. முழுக்கைச் சட்டையில மணிக்கட்டைச் சுத்திப் பட்டி பிடிச்சிருக்கும்ல, அந்த மாதிரி எலும்போட தலையைப் பிடிச்சிருக்கும். உங்களுக்கு அதுல ரெண்டு முழுசா அறுந்துபோச்சு."

"விழுந்ததுலதானே?" என்று கேட்டாள் பன்னு.

"இல்லைங்க. இது பழசு. அறுந்த நாண் உள்ள இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. அதோட தசை சுருங்கி, கொழுப்பா மாறியிருக்கு. குறைஞ்சது ஒரு வருஷமாவது ஆகியிருக்கும். இந்தக் கையை வெச்சு எப்படி வேலை செஞ்சீங்க?"

மாஸ்டர் தரையைப் பார்த்தார். "செஞ்சேன்."

பன்னு அப்பாவைப் பார்த்தாள். ஒரு வருஷம். எட்டு மாதமாக அவர் படுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குவது அவளுக்குத் தெரியும். மூச்சு வாங்குகிறது, அதனால்தான் என்று சொல்லியிருந்தார். அவளும் அதை நம்பிவிட்டு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள்.

"சரி டாக்டர், இதுக்கு என்ன வைத்தியம்?"

"மூணு விதமா போகலாம். எது உங்களுக்கு ஒத்துவரும்னு பேசித்தான் முடிவு பண்ணணும். இன்னைக்கே மூட்டுல ஒரு ஊசி போட்டு, அப்புறம் பிசியோதெரபி ஆரம்பிக்கலாம். மீதி இருக்கிற தசைங்களைப் பழக்குவாங்க. நிறைய பேருக்கு வலி நல்லா குறையும், சட்டை போடறது, தலை சீவறதெல்லாம் வரும்."

"பலம்?"

"அறுந்தது ஒட்டாது சார். அந்தப் பலம் திரும்ப வராது."

"ஒட்டவைக்க முடியாதா?"

"சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, நாணை இழுத்து எலும்புல தைப்போம். புதுக் கிழிசலா இருந்திருந்தா நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு இழுத்தா எட்டுமான்னே சந்தேகம். எட்டினாலும் மறுபடி பிய்யற வாய்ப்பு அதிகம். ஆறு வாரம் கையைக் கழுத்துல மாட்டற தொட்டில்ல போட்டிருக்கணும், ஆறு மாசத்துக்குக் கனமா எதையும் தொடக் கூடாது."

"மூணாவது?"

"மூட்டையே மாத்தறது. கிண்ணம் இருக்கிற இடத்துல பந்து, பந்து இருக்கிற இடத்துல கிண்ணம்னு தலைகீழா வைப்போம். அறுந்த தசை இல்லாமலே கை மேல ஏறும். வலிக்கும் நல்லது. உங்க வயசுக்குக் கொஞ்சம் சீக்கிரம்தான், ஆனா பண்ணலாம்."

மாஸ்டரின் முகத்தில் முதல்முறையாக ஏதோ தெரிந்தது. முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அதைப் பண்ணினா எவ்வளவு தூக்கலாம்?"

"கடை வேலை எல்லாம் பாத்துப் பாத்துச் செய்யலாம். கனம்னா பத்து கிலோவுக்கு மேல வேண்டாம்னு சொல்லுவேன். அதுவும் வாழ்நாள் பூரா."

"அம்பத்தோரு கிலோ தூக்கணும்."

"மாவு மூட்டையா? அதுக்கு ஆள் வெச்சுக்கங்க சார்."

"என் சம்சாரம்."

டாக்டர் கையிலிருந்த பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"நடக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"சார்..." டாக்டரின் குரல் தாழ்ந்தது. "இந்த மூணுல எதை எடுத்தாலும் அது மட்டும் கிடையாது. வலியைக் குறைச்சுத் தர முடியும். கையை மேல தூக்க வெச்சுத் தர முடியும். அவங்களைத் தூக்கற தோளை என்னால திருப்பித் தர முடியாது."

வெளியே யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். அது வேறு யாருடையதோ.

"அப்ப ஊசியே போட்டுடுங்க" என்றார் மாஸ்டர்.

பக்கத்து அறையில் சட்டையைக் கழற்ற மகள்தான் உதவினாள். வலது தோளின் பின்புறம், தோள்பட்டை எலும்புக்கு மேலே, சதை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். விரல் வைத்தால் உள்ளே போகும். இவ்வளவு நாள் சட்டைக்குள் இருந்தது.

ஊசி போட்ட பிறகு டாக்டர் இரண்டு தடவை சொன்னார். "மரத்துப்போற மருந்தும் இதுல கலந்திருக்கு. சாயங்காலம் வரைக்கும் வலியே தெரியாது. அதை நம்பி எதையும் தூக்கிடாதீங்க. மீதி நாணும் போயிடும்."

* * *

ஊசிக்கு வரிசை, மருந்துக்கு வரிசை, பஸ்ஸுக்கு வரிசை. மணி இரண்டரை ஆகிவிட்டது. வீட்டுக்கு போன் போட்டால் டீச்சர், "நான் நல்லாத்தான் இருக்கேன், மெதுவா வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்த மாஸ்டர் வலது தோளைக் கம்பியில் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்.

"பன்னு, வலியே இல்லடி!"

"மருந்துப்பா அது."

"மருந்தோ மாயமோ. இல்லவே இல்ல." முகம் பத்து வயது குறைந்திருந்தது. "இங்க பாரு. அம்மாகிட்ட ஊசி போட்டா சரியாயிடும்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லணும். அந்த ரிப்போர்ட் உன் பையிலயே இருக்கட்டும்."

"அம்மா நம்புவாளா?"

"நீ சொன்னா நம்புவா. எனக்குத்தான் பொய் சொல்ல வராதே."

ஒரு வருஷமாகச் சொன்னது என்னவாம் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவர் அந்தத் தோளின் மேலேயே சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. இறங்கும் இடம் வந்தபோது அவரை எழுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. அடுத்த நிறுத்தம் வரை போய், திரும்பி நடந்தார்கள்.

* * *

கதவைத் திறந்ததும் வாடை தெரிந்தது.

"அங்கயே நில்லுங்க ரெண்டு பேரும்" என்றார் டீச்சர் உள்ளே இருந்து. வகுப்பறைக் குரல்.

கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் போர்வை. தலை சீவி, பொட்டு நேராக இருந்தது. போர்வைக்குக் கீழே விரிப்பு நனைந்து, விளிம்பிலிருந்து தரையில் சொட்டியிருந்தது.

"கீழ கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றாள் பன்னு.

"கூப்பிடலை."

"ஏம்மா?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து தண்ணியே குடிக்கலை. தாங்கிடும்னு நினைச்சேன். கணக்கு தப்பாயிடுச்சு." டீச்சர் சிரிக்க முயன்றார். உதடு வெடித்திருந்ததால் பாதியில் நின்றது.

மாஸ்டர் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டில் பக்கம் போய்விட்டார். "ஒண்ணுமில்ல டீச்சர், ஒரு நிமிஷம். நாற்காலியில வெச்சுட்டு விரிப்பை மாத்திடலாம். எனக்கு ஊசி போட்டாச்சு. சுத்தமா வலி இல்ல. கேளு பன்னுவை."

"டாக்டர் என்ன சொன்னாங்க?" டீச்சர் மகளைப் பார்த்துத்தான் கேட்டார்.

பன்னு வாயைத் திறந்தாள். ஊசி போட்டால் சரியாகிவிடும். மூன்றே வார்த்தை. கண்ணாடிக் கடையில் வருகிறவர்களிடம், இந்த ஃபிரேம் உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது என்று ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிற வாய்.

"அம்மா..."

அவ்வளவுதான் வந்தது. டீச்சருக்கு அதுவே போதுமாக இருந்தது.

மாஸ்டர் குனிந்து இடது கையை மனைவியின் முதுகுக்குப் பின்னால் கொடுத்தார். வலது கையை முழங்காலுக்கு அடியில் நுழைக்கப் பார்த்தார். வலி இல்லைதான். கையும் இல்லை. விரல்கள் போர்வையைத் தொட்டு நழுவின. மறுபடி முயன்றார்.

"தொடாதீங்க."

"ஒரு நிமிஷம்டி..."

"தொட்டீங்கன்னா கத்துவேன். தெருவே கேக்கற மாதிரி கத்துவேன்." டீச்சர் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விரல் மூட்டுகள் வெளுத்துவிட்டன. "பன்னு, நீ வா. நீ ஒரு பக்கம் பிடி. அப்பா நகரட்டும்."

பன்னு நகரவில்லை.

"காது கேக்கலையா? கீழ இருக்கறவங்களை இந்தக் கோலத்துல என்னைப் பாக்க விடாதடி. உனக்குப் புண்ணியமா போகும். வா."

"என்னால தூக்க முடியாதும்மா."

"முதுகு பிடிச்சா பரவாயில்ல, ஒரு நிமிஷம்தான்."

"முதுகு இல்ல." அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். இந்தச் சேதியைச் சொல்ல அவள் மனதில் ஒரு நாள் வைத்திருந்தாள். கீழே அப்பா கையால் ஒரு கேக், அம்மா மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு சொல்வது என்றெல்லாம். "மாசமா இருக்கேன். பத்து வாரம். தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

கீழே அடுப்புக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார் மாஸ்டர். நனைந்த இடம் என்று தெரிந்தும் நகரவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். முகம்தான் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. கடைசியாக இருந்த ஒரு ஜோடிக் கையும் இப்படிப் போனது.

முதலில் தேறியது டீச்சர்தான். கம்பியை விட்டார்.

"சரி. யாரும் யாரையும் தூக்க வேண்டாம். உருட்டினா போதும். பன்னு, நீ அந்தப் பக்கம் போய் விரிப்பை மட்டும் இழு. வயித்துக்கு வேலை குடுக்காத. நான் கம்பியைப் பிடிச்சு இடது பக்கம் திரும்பறேன். அப்புறம் வலது பக்கம். நீங்க எந்திரிச்சு வெளிய போங்க."

"நான் பாக்காததா..." என்றார் மாஸ்டர்.

"இன்னைக்குப் பாக்க வேண்டாம்."

அவர் எழுந்து நடையில் போய் நின்றார்.

* * *

துடைத்து, மாற்றி, ஜன்னலைத் திறந்துவைத்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. பிறகு டீச்சர் கணவரை உள்ளே கூப்பிட்டார். தலையணைக்கு அடியிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

பராமரிப்பு இல்லத்தின் விண்ணப்பம். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது, கரும்பலகையில் எழுதுவது போன்ற அதே குண்டு எழுத்தில். கணவர் கையெழுத்து என்ற இடம் மட்டும் காலி.

"ஆயாவை விட்டு வாங்கிட்டு வரச் சொன்னேன். ஒரு படுக்கை காலியா இருக்காம். நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கு ஆள் வந்து பாப்பாங்க."

மாஸ்டர் தேதியைப் பார்த்தார். "இது மூணு வாரம் முன்னாடி போட்டது."

"ஆமா."

"விழறதுக்கு முன்னாடியே போகணும்னு முடிவு பண்ணிட்டியா?"

"நீங்க தூக்கும்போது என் காது உங்க வாய்கிட்டதான் இருக்கும்" என்றார் டீச்சர். "நீங்க பல்லைக் கடிக்கிற சத்தம் ஒரு வருஷமா எனக்குக் கேக்குது. தினம் பத்துத் தடவை. இன்னும் எத்தனை தடவை கேக்கச் சொல்றீங்க?"

"சொல்லியிருக்கலாம்ல நீ?"

"நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

மாஸ்டரின் முகம் மாறிக்கொண்டு வந்தது. மருந்தின் வேகம் இறங்குகிறது என்று பன்னுவுக்குப் புரிந்தது. அவர் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டார். காலையில் போன வலி, வழி தவறாமல் திரும்பி வந்துவிட்டது.

"உன்னை அனுப்பிட்டு நான் இங்க என்ன பண்ணுவேன்?"

"ஆபரேஷனோ, பிசியோதெரபியோ, எது நல்லதோ அதைப் பண்ணிக்குவீங்க. படுத்துத் தூங்குவீங்க."

அவர் தாளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப்போனார்.

அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். பன்னு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள். டீச்சர் மறுக்காமல் முழுக்கக் குடித்தார். பிறகு மகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தார். கையை எடுக்காமலே பேசினார்.

"அங்க வாரத்துக்கு ரெண்டு நாள் பாக்க விடுவாங்களாம். எல்லாம் விசாரிச்சுட்டேன்."

"நான் வாரம் ரெண்டு நாளும் வருவேம்மா. குழந்தையைத் தூக்கிட்டு வருவேன்."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதையும் கேட்டேன்."

"எதை?"

"எப்பவாவது உனக்கு ஒண்ணு பிறக்கும்ல, அதுக்காகக் கேட்டுவெச்சேன்." டீச்சர் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நோய் தொத்திக்கும்னு பன்னிரண்டு வயசுக்குக் கீழ யாரையும் உள்ள விட மாட்டாங்களாம்."

"அம்மா!"

"சத்தம் போடாத. அப்பாவுக்குத் தெரிஞ்சா கையெழுத்துப் போட மாட்டார். நீ சொல்லக் கூடாது. என் மேல ஆணை."

மாடிப்படியில் காலடிச் சத்தம் ஏறி வந்தது. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தது. பன்னு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

மாஸ்டர் வாசலில் நின்றார். வலது கை உடம்போடு ஒட்டித் தொங்கியது. இடது கையில் அந்தத் தாள் இருந்தது, எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து.

"பன்னு," என்றார், "நீயே சொல்லு. நான் என்ன பண்ணட்டும்?"

அம்மாவின் கை அவள் புடவைத் தலைப்பை இறுகப் பிடித்தது.